உப்புக்கருவாட்டில் நஞ்சா? ஓர் ஆள்மாறாட்டக் கதை

கேலாங் செராய் ஈரச்சந்தையில் கருவாடு வாங்குபவர் முகர்ந்து பார்ப்பார், விலை கேட்பார். அதில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் அளவுக்கு மேல் இருக்கிறதா என்பதை மூக்கும் நாக்கும் சொல்லாது. நம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வருவதால், ஆய்வுக்கூடச் சோதனையைத்தான் நம்பியிருக்கிறோம்.

அங்கே மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மெல்லிய தூறலாக ஆர்கான் வாயுவின் பிளாஸ்மாவுக்குள் செலுத்துகிறார்கள். சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான அந்தப் பிழம்பில் அணுக்கள் மின்னேற்றம் பெற்று அயனிகளாகின்றன. பிறகு கருவி அவற்றை எடை வாரியாகப் பிரித்து எண்ணுகிறது. எடை 75 என்றால் ஆர்செனிக்.

சிக்கல் இங்கேதான். ஆர்கானின் எடை 40. உப்பிலுள்ள குளோரினின் எடை பெரும்பாலும் 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75! இப்படி அணுக்கள் சேர்ந்து உருவாகும் ‘பல்லணு அயனி’யைக் கருவி ஆர்செனிக் என்றே எண்ணிவிடும். கருவாடு, ஊறுகாய், சோயா சாஸ், உவர்ப்பான கிணற்று நீர் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு.

முன்பு கணக்குப்போட்டுச் சரிசெய்தார்கள். குளோரினில் ஏறத்தாழ கால் பங்கின் எடை 37. அது ஆர்கானுடன் சேர்ந்தால் 77. அந்த அளவைப் பார்த்து, 75இல் எவ்வளவு போலி என்று கழிப்பார்கள். ஆனால் செலினியத்துக்கும் 77 எடையுள்ள அணு உண்டு. அதைக் கவனிக்காவிட்டால் அதிகமாகக் கழித்து, உண்மையான நஞ்சையே தவறவிட நேரிடும்.

இன்றைய கருவிகளில் ஹீலியம் நிரம்பிய ஓர் அறை இருக்கிறது. பருமனான பல்லணு அயனிகள் ஹீலியத்துடன் அடிக்கடி மோதி வேகம் இழக்கின்றன. வழியிலுள்ள மின்தடையைத் தாண்ட அவற்றால் முடிவதில்லை. சிறிய ஆர்செனிக் அயனிகளில் போதிய அளவு தாண்டிவிடுகின்றன.

இது வெறும் ஆய்வுக்கூட விவகாரம் அன்று. குடிநீரில் ஆர்செனிக்குக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அவ்வளவு நுண்ணிய அளவில், போலி எண் ஒரு நேர்மையான வியாபாரியின் சரக்கைக் குப்பைக்கு அனுப்பலாம். தவறான கழித்தலோ நஞ்சை நம் தட்டுக்கு அனுப்பலாம்.

இன்னொன்று: மீனில் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி, அதிகத் தீங்கில்லாத கரிம வடிவம். மொத்த அளவை மட்டும் பார்த்து அஞ்சத் தேவையில்லை.

ஆகவே, “இந்த உணவில் நஞ்சு” என்று கைத்தொலைபேசியில் ஓர் எண் வந்தால், பகிரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எதை, எப்படி அளந்தார்கள்?