வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்: அலட்சியம் வேண்டாம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாமல் மழை பெய்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான், உலு லங்காட் ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பலர் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்காகக் காத்திருந்தனர். அந்தப் பருவமழை வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வெள்ளம் வடிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகிறோம். ஆனால், சில நோய்கள் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும்.

வெள்ள நீரில் என்ன இருக்கிறது?

நகரில் தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் மழைநீரை உறிஞ்சுவதில்லை. கால்வாய்கள் நிரம்பி வழியும்போது சாக்கடை நீர், குப்பை, எலிகளின் சிறுநீர் எல்லாம் வெள்ளத்தில் கலக்கின்றன. எலிச் சிறுநீர்க் கிருமி ‘லெப்டோஸ்பிரோசிஸ்’ என்னும் நோயைத் தருகிறது. மலாய் மொழியில் இதை ‘கென்சிங் திக்குஸ்’ நோய் என்பார்கள்.

தோலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு, நீரில் ஊறிய தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாக இக்கிருமி உடலுக்குள் நுழையும். சாலாக் செலாத்தான் போன்ற நகர்ப்புறங்களில் திடீர் வெள்ளம் சில மணி நேரத்திலேயே வடிந்துவிடலாம். ஆயினும், கணுக்கால் அளவு நீரில் நடப்பதும், வெறுங்காலோடு சேற்றைக் கழுவுவதும்கூட நோய் தொற்றப் போதுமானவை.

எப்போது நோய் தெரியும்?

பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் அறிகுறிகள் தோன்றும். சிலருக்கு 30 நாட்கள் வரை ஆகலாம். அதற்குள் வீட்டைக் கழுவி முடித்து, வேலைக்கும் திரும்பியிருப்போம். வெள்ளத்தில் நடந்ததே மறந்து போயிருக்கும்.

அறிகுறிகள்:
• திடீர்க் காய்ச்சல், குளிர், கடுமையான தலைவலி
• கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தசை வலி
• கண் சிவத்தல், வாந்தி

இவை டிங்கிக் காய்ச்சலைப் போலவே இருக்கும். அதனால் மருத்துவரிடம், “நான் வெள்ள நீரில் நடந்தேன்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். நாளையும் குறிப்பிடுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தால் குணப்படுத்தலாம். தாமதித்தால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனை செல்லுங்கள் அல்லது 999ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சேற்றில் ஆணி குத்தினாலும் வலி தெரியாது. துப்புரவு வேலையைப் பிறரிடம் விடுங்கள். தினமும் பாதங்களைப் பார்த்து, புண் இருந்தால் கிளினிக் செல்லுங்கள். நிவாரண மையத்திற்குப் போகும்போது மருந்து, இன்சுலின், சிகிச்சை அட்டை ஆகியவற்றை நீர் புகாத பையில் எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது

• ரப்பர் பூட்சும் கையுறையும் அணியுங்கள். காயங்களை நீர் புகாத பிளாஸ்டரால் மூடுங்கள்.
• வயர்மேன் சோதிக்கும் வரை மின்சாரத்தைப் போடாதீர்கள்.
• தரையைச் சவர்க்காரத்தால் கழுவி அலசிய பின், குளோரின் கரைசலால் துடையுங்கள். குளோரினை வேறு துப்புரவு மருந்துடன் கலக்காதீர்கள்.
• வெள்ளம் பட்ட உணவை எறிந்துவிடுங்கள். குடிநீரை நன்கு கொதிக்க வையுங்கள்.
• வாளி, டயர், பூச்சட்டியில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். ஏடிஸ் கொசு அங்கேதான் பெருகும்.
• வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள்.

வெள்ளத்தில் நடந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த 30 நாட்களுக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கிற்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.