அசோகவனத்தில் வந்த துணை



நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் வீதியில், ஹக்கலைக்குச் சற்று முன்பாக, சீதா எலிய என்றோர் ஊர் உண்டு. நீரோடை ஓரத்தில் சீதையம்மன் கோயில். அப்பால் இருண்ட காடு. அசோகவனம் இதுதான் என்பது மலையக மக்களின் நம்பிக்கை. 2024 மே 19ஆம் திகதி அக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அங்கே கைகூப்பி நிற்கும்போது, அவ்வனத்தில் சீதை கடந்த ஓர் இரவை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

கம்பர் அதைச் சுந்தரகாண்டத்தில், உருக்காட்டுப் படலத்தில் சொல்கிறார். காவல் அரக்கியர் உறங்கிவிட்டனர். பேச்சுத் துணை இல்லை. கணவன் தன்னை மறந்துவிட்டானோ, இனி யாருக்காக வாழ்வது என்று நினைந்து நினைந்து, உயிரை விடவே துணிகிறாள் சீதை. அந்த நொடியில் அநுமன் இராமன் பெயரைச் சொல்லிக் கைகூப்பி எதிரே வருகிறான்.

அவன் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். தற்கொலை பாவம் என்று அவன் உபதேசம் செய்யவில்லை. கோழை என்று ஏசவில்லை. அவள் உயிராய் நேசிக்கும் ஒரு பெயரைச் சொன்னான். அவள் ஐயுற்றபோது கோபிக்காமல், கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னான். பிறகுதான் கணையாழியைக் கொடுத்தான். முடிவில் சீதை, இன்னும் ஒரு திங்கள் உயிரோடு இருப்பேன் என்கிறாள். துயரம் தீரவில்லை; சிறையும் திறக்கவில்லை. ஆனால், ஒரு மாதத் தவணை கிடைத்துவிட்டது. அந்தத் தவணைதான் அவளைக் காத்தது.

இன்றைய மருத்துவமும் இதையே சொல்கிறது. உயிரை மாய்க்கும் எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவது. அந்த வேளையைக் கடத்திவிட்டால் மனிதர் பிழைத்துக்கொள்கிறார். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட விவசாய இரசாயனங்கள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், அத்தொகை மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது.

சரி, கூட்டுத் தியானம் இதில் என்ன செய்யும்?

லயத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு இது விளங்கும். ஒரு காம்பராவில் ஒரு குடும்பமே அடங்க வேண்டும். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். ஆனால், பக்கத்திலிருப்பவர் மனம் உடைந்து கிடப்பது மட்டும் கேட்பதில்லை. கடன், குடிகாரப் புருஷன், தோற்றுப்போன பரீட்சை, வீட்டார் மறுத்த காதல் என்று ஆளுக்கொரு பாரம். விடிந்தால் பெரட்டுக்குப் போகவேண்டும். தனியே அமர்ந்து கண்மூட இடமும் இல்லை, நேரமும் இல்லை.

ஆனால், கூடியமரும் வழக்கம் நம்மிடம் பழையது. மார்கழி விடியலில் லயம் லயமாகச் செல்லும் பஜனை, மாரியம்மன் கோயிலின் வெள்ளிப் பூசை, தேவாலயத்துச் செபமாலை எல்லாமே பலர் மூச்சை ஒரே சீரில் ஓடவைப்பவை. சர்வோதய இயக்கம் 2002 மார்ச் 15ஆம் திகதி அநுராதபுரத்தில் கூட்டிய சமாதானத் தியானத்தில் இலட்சக்கணக்கானோர் மௌனமாக அமர்ந்தனர். சமாதானத்துக்காக ஒரு நாடு கூடியமர முடியுமென்றால், ஓர் அயல்வீட்டு உயிருக்காக ஒரு லயம் கூடியமர முடியாதா?

பௌத்த மரபில் கிசாகோதமியின் கதை உண்டு. இறந்த பிள்ளையைச் சுமந்து வந்தவளிடம், சாவு நிகழாத வீட்டில் கடுகு வாங்கிவரச் சொன்னார் புத்தர். அவள் வீடுவீடாகச் சென்றாள். கடுகு கிடைக்கவில்லை, ஆனால், ஒவ்வொரு வாசலிலும் இன்னொருவர் துயரைக் கேட்டாள். தன் துயர் தன்னுடையது மட்டுமல்ல என்ற தெளிவு அவளுக்குப் பிறந்தது. கூட்டுத் தியானத்தின் பயனும் இதுவே.

ஒன்றை மறக்கலாகாது. தியானம் மருந்துக்கு மாற்றன்று. ஆழ்ந்த மனச்சோர்வில் உள்ளவரை நெடுநேரம் கண்மூடி இருக்கச் சொன்னால், சிலருக்கு வேதனை மேலும் கூடும். அவர்களுக்குப் பாட்டும் பேச்சும் நல்லவை. வைத்தியரிடம் கூட்டிச் செல்லும் ஒரு கை அதனினும் நல்லது. தியானம் முடிந்து எல்லோரும் எழுந்தபின், எழாமல் இருப்பவர் யாரென்று பார்ப்பதே கூட்டத்தின் முதற்கடமை. வழக்கமாக வருபவர் வராவிட்டால், அன்றே காம்பராக் கதவைத் தட்டவேண்டும். "சாகணும் போல இருக்கா?" என்று கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனம்விட்டுப் பேச வழிதான் பிறக்கும்.

இதை வாசிக்கும் உங்களுக்கே அவ்வெண்ணம் இருந்தால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

அநுமனுக்குக் கடலைத் தாண்டவேண்டியிருந்தது. நமக்கோ இடையில் இருப்பது ஒரு சுவர்தான்.