உங்களுக்குத் தெரியுமா? டிவி குடிக்கும் டேட்டா

நெட்ஃபிளிக்ஸில் ஒரு மணி நேரம் படம் பார்க்க, ஹெச்டி தரத்தில் 3 ஜிபி வரை டேட்டா செலவாகும். 4கே என்றால் 7 ஜிபி வரை. ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் வீட்டு பிராட்பேண்டுக்கும் வரம்பு உண்டு. இந்தியாவில் பல திட்டங்களில் அது மாதம் 3,300 ஜிபி. தாண்டினால் இணைப்பு துண்டிக்கப்படாது, வேகம்தான் படுத்துவிடும். இந்த வரம்பையும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவதே நியாயம். ஆனாலும் 4கே படம் தினமும் 15 மணி நேரம் ஓடினாலும் 3,300 ஜிபி தாங்கும். உண்மையில் திண்டாடுவது, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் டிவி பார்ப்பவர்கள்தான். தினசரி 2 ஜிபி, ஹெச்டியில் 40 நிமிடத்திலேயே தீர்ந்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் பிளேபேக் செட்டிங்கில் ‘லோ’வைத் தேர்ந்தெடுங்கள், மணிக்கு 0.3 ஜிபி போதும். படம் சற்று மங்கும், கதை நிற்காது.