செயின் லாக்: சின்ன செலவை விட்டா பெரிய செலவு

ஆம்பூர்ல ஷூ கம்பெனி ஷிஃப்டுக்கு சைக்கிள்ல போறீங்களா? பாதி வழியில செயின் கழன்றா ரிப்பேர் காசோட லேட் ஆன நேரத்துக்கு சம்பளமும் போகும்.

கியர் இல்லாத சைக்கிளில் செயினின் இரு முனைகளையும் இணைப்பது செயின் லாக். நோஸ் ப்ளையரின் ஒரு முனையை கிளிப்பின் திறந்த பக்கத்திலும், மறுமுனையை மூடிய பக்கத்துப் பின்னிலும் வைத்து அழுத்துங்க. கிளிப் நழுவி வரும். தகட்டை எடுத்தால் செயின் பிரியும்.

திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும். மாற்றிப் போட்டால், எதிலாவது உரசி கிளிப் தெறித்துவிடலாம். வளைந்த கிளிப்பை மறுபடி போடாதீங்க. புது லாக் சில ரூபாய்தான்.

ஆனா லாக் மட்டும் மாத்தினா போதுமா? செயினை இழுத்துப் பிடிச்சு ஸ்கேல் வைங்க. புது செயினில் 24 கண்ணி, பின்னுக்குப் பின் சரியாக 1 அடி. 3 மி.மீ. கூடியிருந்தா செயினையே மாத்துங்க. தேய்ந்த செயின் ஃப்ரீவீல் பல்லையும் தின்னும். அப்புறம் ஒரு செலவு மூணாகும்.

மாசம் ஒரு முறை, 5 நிமிஷம். இதுவும் சேமிப்புதான்!