தோல் இல்லாத மேளம்

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் திமிரி. இந்தப் பக்கத்துச் சிறு கோயில்கள் பலவற்றில், அர்த்த மண்டபத்து ஓரமாக ஓர் இரும்புச் சட்டம் நின்றுகொண்டிருக்கும். அதில் ஒரு முரசு, இரண்டு மூன்று மணிகள், ஒரு சேகண்டி. தீபாராதனை நேரத்தில் அர்ச்சகர் சுவிட்சைத் தட்டுவார். மோட்டார் சுழலும், தண்டில் இருக்கும் மேடுகள் குச்சிகளைத் தூக்கி விடும், குச்சிகள் முரசில் விழும். மேளக்காரர் கிடைக்காத ஊருக்கு வந்த மாற்று ஏற்பாடு இது. அம்மனுக்கு ஆடி வெள்ளி ஆனாலும் சரி, மார்கழிக் காலை ஆனாலும் சரி, அடி ஒன்றுதான்.

இதுவும் ஒரு ட்ரம் மெஷின்தான். இந்த வகையின் மூதாதை 1206-இல் எழுதி முடிக்கப்பட்ட ஒரு நூலில் இருக்கிறது. மெசபடோமியப் பொறியாளர் அல்-ஜஸரி, விருந்தினரை மகிழ்விக்க ஒரு படகில் பொம்மை இசைக்கலைஞர்களை உட்கார வைத்தார். சுழலும் உருளையில் முளைகள். முளை தட்டும்போது பொம்மையின் கை மேளத்தில் விழும். இதை மறுபடி செய்து பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர் நோயல் ஷார்க்கி, முளைகளை இடம் மாற்றினால் தாளமும் மாறும் என்கிறார். நம் கோயில் இயந்திரத்தில் அந்த வசதி கிடையாது. அடியைக் கருவியில் எழுதி வைக்கலாம், பிறகு அழித்து வேறு எழுதலாம் என்பதுதான் ட்ரம் மெஷினின் அடிப்படை யோசனை. அந்த வகையில் 800 ஆண்டு பழைய படகு, கோயில் இயந்திரத்தை விட ஒரு படி முன்னே நிற்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகள் வரிசையாக இருக்கும் பகுதியில் உட்கார்ந்துகொண்டு மேளத்தைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஷூவுக்குப் போகும் பதனிட்ட தோல் மேளத்துக்கு உதவாது. குரோமியத்தில் பதனிட்டால் தோலின் நார்கள் இளகியே நிற்கும். வளையும், மடங்கும், ஆனால் ஒலிக்காது. மேளத்துக்கு வேண்டியது முடி நீக்கி, இழுத்துக் கட்டி, அப்படியே காய்ந்து விறைத்த பச்சைத் தோல். அந்த விறைப்புதான் சத்தம். அதே காரணத்தால் ஈரக் காற்று பட்டதும் அது தொய்ந்துவிடும். பறையடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டிவிட்டு அடிக்கத் தொடங்குவது இதனால்தான். தோலே இல்லாமல் மேளம் செய்ய வேண்டும் என்று மின்பொறியாளர்கள் புறப்பட்டபோது அவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, சத்தத்தை மின்சுற்றிலேயே பிறப்பிப்பது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 இதன் உச்சம். அதன் பாஸ் ட்ரம் ஒலிக்குப் பின்னால் எந்த மேளமும் இல்லை. ஒரு சுற்றை மின்துடிப்பால் ஒருமுறை உசுப்பிவிட்டால் அது அதிர்ந்து அதிர்ந்து அடங்கும், அவ்வளவுதான். ஜால்ரா போன்ற உலோக ஒலிக்கு ஆறு அலையியற்றிகளை ஒன்றுக்கொன்று சுருதி சேராமல் ஓடவிட்டு, அந்தக் கூச்சலை வடிகட்டினார்கள். குறைபாடு என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களை வேண்டுமென்றே வாங்கித்தான் அந்தச் சீறல் ஒலியைப் பெற்றோம் என்று நிறுவனர் இக்குதாரோ ககேஹாஷி பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டு, ஒதுக்கப்பட்ட சரக்கு கிடைக்காமல் போகவே, 1983-இல் 808 நின்றது. விற்றவை சுமார் 12,000. வந்த காலத்தில் பலரும் அதைப் பொம்மைச் சத்தம் என்றார்கள். இரண்டாம் கை விலை சரிந்ததால் அது அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் கைக்குப் போனது; ஹிப்ஹாப்பின் அடிவயிற்று அதிர்வு அங்கிருந்து வந்தது.

இரண்டாம் வழி, உண்மையான அடியைப் பதிவு செய்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தும்போது அதையே திருப்பி ஒலிப்பது. அமெரிக்கர் ரோஜர் லின் அதே 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1 இப்படிப்பட்டது. விலை கிட்டத்தட்ட 5,000 டாலர்; வாங்கியவர்கள் சில நூறு பேர். அதில் ஒலிகள் நிறுவனம் போட்டுக் கொடுத்தவை. வாங்கியவரே தனக்கு வேண்டிய ஒலியைப் பதிந்துகொள்ளலாம் என்று ஆனபோது அதற்கு சாம்ப்ளர் என்று பெயர். 1987-இன் எஸ்பி-1200 மொத்தமே 10 விநாடி ஒலியைத்தான் கொள்ளும். இசைத்தட்டை வேகமாகச் சுற்றவிட்டுப் பதிந்து, உள்ளே வந்தபின் வேகத்தைக் குறைத்து, 10 விநாடிக்குள் கூடுதல் ஒலியைத் திணித்தார்கள். அதனால் ஏற்பட்ட கரகரப்பை இன்று மென்பொருளில் தனிக் கருவியாக விற்கிறார்கள். அடுத்த ஆண்டு ரோஜர் லின் வடிவமைத்து அக்காய் வெளியிட்ட எம்பிசி-60 வந்தது. நான்குக்கு நான்காக 16 ரப்பர் திண்டுகள், விரலால் தட்டி வாசிப்பதற்கு. இன்றைக்கு எந்தக் கடையில் எந்தப் பீட் கருவியைப் பார்த்தாலும் அந்த 16 கட்டம் கண்ணில் படும்.

இந்தியாவுக்கு இவை தாமதமாக வந்தன என்று நினைக்க வேண்டாம். மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இலேயே 808-ஐயும் ரோலண்டின் பாஸ் கருவி டிபி-303-ஐயும் சேர்த்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு பதிந்தார். அன்று அதைக் கேட்க ஆளில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்ததும், மேற்கில் ஆசிட் ஹவுஸ் என்று பின்னால் பெயர் பெற்ற இசை இங்கே முன்பே இருந்திருக்கிறதே என்று உலகம் வாயைப் பிளந்தது. தமிழில் 1986-இன் ‘புன்னகை மன்னன்’ பாடல்களில் இளையராஜா கணினி சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் வீட்டோடு கட்டிய பஞ்சதன் ஸ்டுடியோவில், தாளத்தை அடுக்கடுக்காகக் கணினியில் கட்டி எழுப்புவதே வேலை முறையாகிவிட்டது.

சென்னை ஸ்டுடியோவை விட்டுவிட்டு ஊர்த் திருவிழாவுக்கு வாருங்கள். திமிரி, கலவை, ஆரணிப் பக்கம் மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் தபேலா, டோலக், ட்ரம்ஸ் எல்லாவற்றின் இடத்தையும் ‘பேட்’ பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆயிற்று. ரோலண்டின் எஸ்பிடி-20 தான் இதில் பிரபலம். எட்டு ரப்பர் திண்டுகள், குச்சியால் அடிப்பது. பாட்டுக்குப் பாட்டு கிட் மாற்றி, தவில் ஒலியும் உறுமி ஒலியும் ஒரே பெட்டியில் இருந்து வர, ஒரு பேட் கலைஞர் நாலு பேர் வேலையைச் செய்கிறார். அந்த மிச்ச மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்; நியாயமான கேள்வி. இருந்தாலும் பேட் வாசிப்பவர் வாசிக்கத்தான் செய்கிறார். அவர் கை தவறினால் பாட்டு தவறும்.

இனி மென்பொருள். 1997-இன் இறுதியில் பெல்ஜியத்திலிருந்து ஃப்ரூட்டிலூப்ஸ் வந்தது. இன்று அதன் பெயர் எஃப்எல் ஸ்டுடியோ. 808-இன் முன்பக்கத்துப் 16 பொத்தான்களை அப்படியே கணினித் திரையில் வரிசையாகப் போட்டது அது. கட்டத்தைச் சொடுக்கினால் அங்கே அடி விழும். பெட்டிக்குக் கொடுக்கப் பணமில்லாத ஒரு தலைமுறை இதில்தான் பீட் செய்யப் பழகியது. தமிழ் ராப் வளர்ந்ததில் இந்த மலிவுக்கும் பங்குண்டு. அரக்கோணத்துக்காரரான அறிவு, இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் 2019-இல் ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, இது சென்னை வளசரவாக்கம் ஸ்டுடியோக்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை என்று இந்தப் பக்கத்துப் பையன்களுக்கும் தெரிந்தது.

பெட்டி வாங்குவதா, லேப்டாப்பில் செய்வதா? ஒலியின் தரத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. நல்ல மென்பொருள் 808-க்கும் அசல் 808-க்கும் வித்தியாசத்தை ஊர்வலத்து ஸ்பீக்கரில் கேட்டுச் சொல்பவர் யாரும் இல்லை. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. ஒரு தொட்டியில் நிரப்பி மொத்தமாகத் திறந்துவிடுகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும்போது, தொட்டியின் அளவு 512 மாதிரி என்றால் 11.6 மில்லிவிநாடி தாமதம். காற்றில் ஒலி 4 மீட்டர் கடக்கும் நேரம் அது. அதாவது கைக்கு அடியில் இருக்கும் மேளம் நாலு மீட்டர் தள்ளி ஒலிப்பது போலக் கேட்கும். மவுஸால் கட்டம் நிரப்புகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விரலால் வாசிக்கிறவருக்குக் கை பின்னிக்கொள்ளும். தொட்டியை 128-ஆகக் குறைத்தால் தாமதம் 3 மில்லிவிநாடிக்கும் கீழே வரும். ஆனால் கணினிக்கு மூச்சு வாங்கும், ஒலி படபடவென்று வெடிக்கும். ஒரே வேலைக்கென்று செய்த பெட்டிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. மே மாதத்து வேலூர் வெயிலில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், சாமி புறப்படப் போகும் நேரத்தில், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தீர்மானிக்காது என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

கருவி வாங்குகிறவர்கள் விசாரிக்காமல் விடும் இன்னொரு சங்கதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த இயந்திரங்கள் எண்ணும் முறை. 16 கட்டம் என்பது நாலு அடி, அடிக்கு நாலு துண்டு, அதாவது சதுஸ்ரம். டிஸ்கோவுக்கும் ஹிப்ஹாப்புக்கும் அது சரி. நம் குத்துப் பாட்டின் அடியோ பெரும்பாலும் திஸ்ரம். ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். அதை 16 கட்டத்தில் அடைக்கப் பார்த்தால் நொண்டும். புதிதாகப் பழகுகிற பையன்கள் செய்யும் குத்து பீட்டுகள் பல, ஷூ போட்டுக்கொண்டு ஆடுவது போல விறைப்பாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். தீர்வு எளிது: அடிக்கு 3 கட்டம், மொத்தம் 12 என்று அமைப்பை மாற்றிவிட வேண்டும். 808-இலேயே அதற்கு ஒரு சுவிட்ச் இருந்தது. மென்பொருள்களிலும் உண்டு, அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில் ஒளிந்திருக்கும்.

கட்டத்தை விட்டுவிட்டு உள்ளே ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். எம்பிசி-60 ஓர் அடியை 96 துடிப்புகளாகப் பிரிக்கும். 96-ஐ நாலால் வகுத்தால் 24, மூன்றால் வகுத்தால் 32. சதுஸ்ரமும் திஸ்ரமும் சுத்தமாக உட்காரும். கண்டத்துக்கு ஐந்தால் வகுத்தால் 19.2, மிஸ்ரத்துக்கு ஏழால் வகுத்தால் 13.7 சொச்சம். இரண்டும் உட்காராது. இன்றைய லாஜிக் மென்பொருள் அடியை 960-ஆகப் பிரிக்கிறது. கண்டம் 192 என்று பொருந்திவிடும், மிஸ்ரம் அப்போதும் மிச்சம் விழும். மிருதங்க வித்வான்கள் கைவிரலில் போடுகிற ஏழு என்ற கணக்கை இயந்திரம் சில்லறை மாற்றித்தான் போடுகிறது. ஆனால் கணக்குக்கு இருக்கும் இந்தப் பிழை காதுக்கு இல்லை. நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு துடிப்பு 5 மில்லிவிநாடிதான்; கண்டத்தில் வரும் விலகல் அதிகபட்சம் சுமார் 2 மில்லிவிநாடி. எந்த மனிதக் கையும் அதைவிடக் கூடுதலாகவே விலகும்.

அந்த மனித விலகலைத்தான் ரோஜர் லின் தன் இயந்திரங்களில் ‘ஸ்விங்’ என்று ஒரு அளவாக வைத்தார். அடுத்தடுத்த இரண்டு கால் அடித் துண்டுகளில் இரண்டாவதைச் சற்றுப் பின்தள்ளுவது. 50 சதவீதம் என்றால் சமம். 66 என்றால் முதல் துண்டு இரண்டு பங்கு, அடுத்தது ஒரு பங்கு, அதாவது சதுஸ்ரக் கட்டத்துக்குள் திஸ்ரம் புகுந்துவிட்டது. இடையில் 54, 58, 62 என்று இருக்கும் இடங்களுக்கு நம் தாளக் கணக்கில் பெயர் கிடையாது. பம்பைக்காரர் வேகம் பிடிக்கும்போது அடி அங்கேதான் எங்கோ விழுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் வாசிக்கிறவர் பெட்டி வாங்கட்டும். பழைய பேட் கிடைத்தாலும் போதும். அறையில் உட்கார்ந்து பாட்டு கட்டுகிறவருக்கு லேப்டாப்பே அதிகம், கூடவே யுஎஸ்பியில் இணைக்கும் 16 திண்டுப் பலகை ஒன்று இருந்தால் விரலுக்கு வேலை கிடைக்கும். பெட்டி, லேப்டாப் இரண்டையும் கலந்த நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மஷீன் 2009-இலிருந்தே உண்டு. கணினி இல்லாமலே இயங்கும் புதிய எம்பிசிகளும் உள்ளுக்குள் கணினிகள்தான். எல்லை அழிந்துகொண்டு வருகிறது.

எதை வாங்கினாலும் உள்ளே போட்டிருக்கும் ஒலிகளோடு நிறுத்திக்கொள்வது வீண். இந்தப் பகுதியின் பம்பைக்கும் சட்டிக்கும் பறைக்கும் நல்ல மாதிரித் தொகுப்பு வேண்டுமானால் நாமே பதிந்துகொள்வதுதான் வழி. ஒரே அடியை ஒருமுறை மட்டும் பதிந்து திரும்பத் திரும்ப ஒலித்தால் தையல் மெஷின் போல ஆகிவிடும். மூன்று வகை அடி, ஒவ்வொன்றும் மெல்லியதிலிருந்து பலமானது வரை நாலு அழுத்தம், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நாலு தடவை, 48 பதிவுகள். தலா 2 விநாடி என்றால் மொத்தம் 96 விநாடி. எஸ்பி-1200-க்கு இது பத்து மடங்குச் சுமை. இன்றைய செல்போனுக்கு எட்டரை மெகாபைட், ஒரு புகைப்படத்தின் அளவு. மைக்கைத் தோலுக்கு மிக அருகில் வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். அடிக்கிறவருக்கு உரிய கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள், ஒலி நாளைக்கு உங்கள் பாட்டில் அவர் இல்லாமலே ஒலிக்கப் போகிறது. பறையாக இருந்தால் அனல் காட்டிய உடனே பலமான அடிகளை முதலில் பதிந்துவிட வேண்டும். தோல் ஆறத் தொடங்கினால் சுருதி இறங்கும். நடுவே மறுபடி காய்ச்சத் தயங்காதீர்கள்.