பிள்ளையின் செவிப்புலனும் தவறவிடக்கூடாத காலமும்

பிறக்கும் குழந்தையின் உட்செவி ஏறத்தாழ முழுவளர்ச்சி பெற்றதாகவே இருக்கின்றது. ஆயினும், செவி கொண்டுசேர்க்கும் ஓசையைப் பிரித்தறிந்து பொருள்கொள்ளும் மூளைப்பகுதி முதிர்ச்சியடைவதற்குப் பதின்ம வயதின் இறுதிவரை செல்கின்றது என்பது பெற்றோர் பலரும் அறியாத விடயமாகும்.

தலையில் சிறு மின்வாய்களை ஒட்டி, ஓர் ஒலியைக் கேட்கச்செய்து, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்வதன் மூலம் இதனை அளவிட முடிகின்றது. குழந்தைக்கு வலியில்லை, பதில் கூறவேண்டிய தேவையுமில்லை. ஒலி எழுந்து, மூளை மேற்பட்டையில் முதலாவது பெரிய அலை தோன்றுவதற்குப் பிறந்த சிசுவில் சுமார் 300 மில்லிசெக்கன்கள் செல்கின்றன. மூன்று வயதளவில் இது சுமார் 125 ஆகவும், வளர்ந்தோரில் சுமார் 60 ஆகவும் குறைகின்றது. நரம்பிழைகள்மீது கொழுப்புறை படிவதாலும் அவற்றின் இணைப்புகள் செம்மையடைவதாலுமே இவ்வேகம் கிட்டுகின்றது. அதற்கு ஓசை இடையறாது கிடைத்தாக வேண்டும்.

ஓசையே எட்டாத பிள்ளையின் நிலை என்ன? அமெரிக்காவில் அனு சர்மாவும் அவரது சகாக்களும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. பிறவியிலேயே செவிப்புலனற்று, பின்னர் கொக்லியர் கருவி பொருத்தப்பட்ட 104 பிள்ளைகளின் மூளை அலைகள் அளவிடப்பட்டன. மூன்றரை வயதுக்கு முன்னர் கருவி பெற்றோரின் அலைகள் சில மாதங்களிலேயே ஏனைய பிள்ளைகளின் நிலையை எட்டின. ஏழு வயதுக்குப் பின்னர் பெற்றோரில் பெரும்பாலானோர் அந்நிலையை எட்டவில்லை.

"தகப்பனும் பிந்தித்தான் பேசினவன், இவனும் பேசுவான்" என்று வீட்டு முதியோர் கூறுவது எமது குடும்பங்களில் வழமை. பல பிள்ளைகளின் விடயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், செவிப்புலனைப் பரிசோதிக்காமல் இவ்வாறு காத்திருப்பது ஆபத்தானது என்றே நாம் கருதுகின்றோம். கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மழலை ஒலி எழுப்பும். கதவு அறையப்பட்டால் அதன் அதிர்வுக்குத் திரும்பிப் பார்க்கும். பெற்றோர் ஏமாறுவது இயல்பே. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோய்நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் உதவி என்பதே உலகளவில் நிபுணர்கள் வலியுறுத்தும் கால ஒழுங்கு. அவ்வுதவி செவிக்கருவியாகவோ சைகைமொழியாகவோ இருக்கலாம். வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் நிறையைப் பற்றி விசாரிக்கும் தாய்மார் செவிப்புலனைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

நன்கு கேட்கும் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்தறியும் ஆற்றல் அவர்களிடம் மெதுவாகவே வளர்கின்றது. நியூயோர்க் நகரில் ரயில் பாதையை அண்டியிருந்த பாடசாலையொன்றில், பாதைப் பக்க வகுப்புகளின் மாணவர்கள் மறுபக்கத்தவரைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தமை 1975இல் வெளிப்படுத்தப்பட்டது. தண்டவாளத்துக்கு இறப்பர் மெத்தைகளும் வகுப்பறைக்கு ஒலியுறிஞ்சும் கூரைத்தகடுகளும் இடப்பட்ட பின்னர் அவ்வேறுபாடு மறைந்துபோனது. ஒரே மண்டபத்தில் தடுப்பின்றிப் பல வகுப்புகள் நடைபெறும் எமது பாடசாலைகளுக்குத் தடுப்புப் பலகைகளையேனும் வழங்குவது குறித்துக் கல்வி அதிகாரிகள் கவனஞ்செலுத்த வேண்டும். பின்வாங்கிலிருக்கும் பிள்ளையைக் கவனமற்றவன் எனக் கண்டிக்குமுன், அவனை முன்வாங்குக்கு அழைத்துப் பார்ப்பதற்கோ பணம் எதுவும் தேவையில்லை.