ஒரு ரூபாய்க்கு இட்லி! சென்னையில் வார்டுக்கு வார்டு கடை, காரைக்குடிக்கு எத்தனை?

காரைக்குடி—

செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் விழும் பலகாரத்தை எண்ணி முடிப்பதற்குள்ளேயே பாதிப் பசி பறந்துவிடும். அதே ஊரில் விடியற்காலையில் மூட்டை இறக்கிவிட்டு வரும் தொழிலாளி, நாலு இட்லி, ஒரு வடை, ஒரு டீ சாப்பிட்டால் போதும். கையில் இருந்த நோட்டு காலி! மத்தியான சாப்பாட்டுக்கு அவர் மறுபடியும் மூட்டை தூக்க வேண்டும்.

ஒரு ரூபாய்க்கு இன்றைக்கு என்ன கிடைக்கும்? பெட்டிக்கடையில் ஒரு மிட்டாய் கிடைக்கும். அந்த ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி, அதோடு சாம்பாரும் கொடுக்கலாம் என்று காட்டியதுதான் அம்மா உணவகம்.

சாந்தோமில் தொடக்கம்

2013-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி சென்னை சாந்தோமில் முதல் உணவகத்தை அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா திறந்து வைத்தார். முதலில் 15 இடங்களில்தான் ஆரம்பித்தார்கள். கூட்டம் அலைமோதியது. சில மாதங்களிலேயே 200 வார்டுகளிலும் கடை வந்துவிட்டது. பிறகு அரசு ஆஸ்பத்திரிகளையும் சேர்த்து சென்னையில் மட்டும் 407 கடைகள் ஆயின. ஒரே போர்டு, ஒரே விலை, ஒரே ருசி. வெளிநாட்டு பர்கர் கம்பெனிகள் ஊருக்கு ஊர் கிளை திறக்கிற அதே கணக்குதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே கல்லாப்பெட்டி நிறையவில்லை, வயிறு நிறைந்தது.

காலையில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மத்தியானம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாலையில் 3 ரூபாய்க்கு இரண்டு சப்பாத்தி, பருப்புடன். டோக்கன் வாங்கி, தட்டைப் பிடித்து, நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான். பார்சல் கட்டித் தர மாட்டார்கள். கட்டித் தந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பத்து ரூபாய்க்கு வாங்கி இருபது ரூபாய்க்கு விற்க நம் ஊரில் ஆளா இல்லை?

இட்லிக்குப் பின்னால்...

சமைப்பதும் பரிமாறுவதும் பாத்திரம் கழுவுவதும் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள். ஆரம்பத்தில் நாள் கூலி 300 ரூபாய். மாவாட்ட, விறுவிறுப்பாக இட்லி அவிக்க விடியுமுன்பே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். இந்தத் திட்டத்தால் வயிறு நிறைந்தவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இதனால் வீட்டில் உலை வைத்த இந்தப் பெண்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

நுகர்பொருள் வாணிபக் கழகம் அரிசியைக் கிலோ ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது. அரிசி கிலோ ஒரு ரூபாய், இட்லியும் ஒரு ரூபாய், அப்படியானால் கொள்ளை லாபமாச்சே என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். உளுந்து, பருப்பு, எண்ணெய், கியாஸ், காய்கறி, கூலி என்று மாநகராட்சியின் கஜானாவில் இருந்து வருஷா வருஷம் கோடிக்கணக்கில் இறங்கியது. நஷ்டம் என்று தெரிந்தே நடத்திய வியாபாரம்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2020 ஊரடங்கின்போதும், ஓட்டல்கள் எல்லாம் கதவைச் சாத்திய நேரத்தில் இந்த அடுப்புகள் எரிந்தன. இலவசமாகவே சோறு போட்டார்கள்.

போர்டு உடைப்பு

2021 மே மாதம் ஆட்சி மாறியது. மே 4-ந் தேதி சென்னை முகப்பேர் ஜெ.ஜெ.நகர் உணவகத்தில் தி.மு.க.வைச் சேர்ந்த இருவர் புகுந்து போர்டைப் பிடுங்கி எறிந்த காட்சி பரபரப்பை ஏற்படுத்தியது. முதல்-அமைச்சராகப் பதவி ஏற்க இருந்த மு.க.ஸ்டாலின் அவர்களைக் கட்சியில் இருந்து நீக்கச் சொன்னார். போலீசில் வழக்கு. போர்டு மறுபடியும் மாட்டப்பட்டது.

இது சின்ன விஷயம் இல்லை. பக்கத்து ஆந்திராவில் என்ன நடந்தது? 2018 ஜூலையில் சந்திரபாபு நாயுடு 5 ரூபாய் அண்ணா கேன்டீனைத் திறந்தார். 2019-ல் ஆட்சி மாறியதும் மூடிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் நாயுடு திரும்பி வந்த பிறகுதான் கதவு திறந்தது. நடுவில் ஐந்து வருஷம் பசித்தவன் எங்கே போனான்?

ஒடிசாவில் 2015 ஏப்ரல் 1 முதல் 'ஆகார்' கடையில் 5 ரூபாய்க்குச் சோறும் பருப்பும். பெங்களூரில் 2017-ல் இந்திரா கேன்டீன். மராட்டியத்தில் 2020-ல் 10 ரூபாய்க்கு சிவ போஜனம். எல்லாம் பெயர்தான் வேறு, அடுப்பு ஒன்றுதான்!

தமிழ்நாட்டில் கடை மூடவில்லை. ஆனால் பாத்திரம் தேய்ந்தது, மிக்சி பழுதானது, கூட்டமும் பல இடங்களில் குறைந்தது. 407 கடைகள் 2024-ல் 388 ஆகக் குறைந்திருந்தன. அந்த ஆண்டு ஜூலை 19-ந் தேதி தேனாம்பேட்டை மண்டலத்தில் ஒரு உணவகத்துக்குள் முதல்-அமைச்சர் ஸ்டாலின் திடீரென்று நுழைந்து சாப்பாட்டை ருசி பார்த்தார். புதுப் பாத்திரங்களுக்கு 7 கோடி, கட்டிடச் சீரமைப்புக்கு 14 கோடி என்று 21 கோடி ரூபாய் ஒதுக்க உத்தரவு வந்தது. பெண்களின் கூலியும் 25 ரூபாய் கூடியது.

செட்டிநாட்டுக்குப் புதுசா?

ஊருக்கு ஊர் கிளை வைத்துத் தர்மம் செய்வதைச் செட்டிநாட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கொண்டுவிற்கப் போன இடமெல்லாம் வரவில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கிவைத்த நகரத்தார், இராமேசுவரம், பழனி, காசி என்று சத்திரம் கட்டினார்கள். காசிச் சத்திரம் 1863-ல் ஏற்பட்டது. அந்தச் சத்திரத்து நிலத்தை ஆக்கிரமித்துக்கொண்டவர்களிடம் இருந்து மீட்க, இந்தக் காலத்தில்தான் முடிந்தது. மீட்ட இடத்தில் சுமார் 60 கோடி ரூபாயில் 140 அறைகளோடு எழுந்த புதிய சத்திரத்தை 2025 அக்டோபர் 31-ந் தேதி துணை ஜனாதிபதி சி.பி.இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். எந்த அரசு வந்தாலும் போனாலும் அந்தத் தர்மம் நிற்கவில்லை. காரணம், அதற்கென்று சொத்தும் வரவும் தனியாக இருந்தது. அம்மா உணவகத்துக்கு அது இல்லை. பட்ஜெட்டில் ஒரு வரி எழுதினால் சோறு, எழுதாவிட்டால் பூட்டு.

சென்னை தவிர்த்த மற்ற 9 மாநகராட்சிகளுக்கும் 2013 ஜூன் 2-ந் தேதி தலா 10 உணவகம் கொடுத்தார்கள். 2015 மே மாதம் ஒரே நாளில் 201 உணவகங்கள் திறந்தபோது நகராட்சி ஊர்களும் கணக்கில் வந்தன. அப்போது காரைக்குடி 1928-ல் இருந்து நகராட்சிதான். 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. புதுப் பெயரோடு வரியும் ஏறும் என்று கடைக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தப் பழைய மாநகராட்சிகளுக்குக் கிடைத்த பத்து, காரைக்குடிக்கு எப்போது? பஸ் நிலையத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று என்று இடத்தைக்கூட ஊர்க்காரர்களே காட்டிவிடுவார்கள்!